கையடக்கக் கணினிக்குள் ஒரு ரேடியோ



இன்று வை-ஃபை இல்லேன்னா அது போனே இல்லை என்கிறோம். ஆனால் கையடக்கக் கணினிக்குள் ரேடியோவை வைப்பது ஆரம்பத்தில் லேசான வேலை அல்ல.

1999இல் வந்த 'பாம் 7'ஐப் பாருங்கள். ஆன்டெனாவைத் தூக்கினால் ரேடியோ ஆன் ஆகும். வேகம் நொடிக்குச் சுமார் 8 கிலோபிட். செய்தி அனுப்பும் கணத்தில் தேவைப்படும் கரண்டை இரண்டு சின்ன செல்களால் தர முடியாது. எனவே உள்ளே தனியாக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி. செல்கள் அதை மெதுவாகச் சார்ஜ் செய்யும். நம்ம மேல்நிலைத் தொட்டி மாதிரிதான்: சின்ன மோட்டார் மெல்ல நிரப்பும், குழாயைத் திறந்தால் வேகமாகக் கொட்டும்!

2002இல் தோஷிபா இ740, வை-ஃபையை உள்ளேயே கொண்டு வந்தது. உச்ச வேகம் 11 மெகாபிட். பேட்டரியை எப்படிக் காப்பது? ரேடியோ தூங்கும். சுமார் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் பீக்கன் சிக்னலைக் கேட்க மட்டும் விழிக்கும். அதுவரை தகவலை அக்சஸ் பாயின்ட் பிடித்து வைத்திருக்கும்.

நம் நாட்டில் 2001இல் பெங்களூரு அறிஞர்கள் சிம்ப்யூட்டரைக் காட்டினார்கள். லினக்ஸில் ஓடும். ஒரே கருவியை ஊரே பகிரலாம்; ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும். ஆனால் வெளியுலகத் தொடர்புக்கு டெலிபோன் மோடம்தான்.

எங்க சித்தேரி மலையை வைத்து யோசித்தேன். டெலிபோன் கம்பி வராத ஊரில் மோடம் எதற்கு? வை-ஃபையோ திறந்த வெளியில் 100 மீட்டர் போனாலே பெரிசு, குன்றைத் தாண்டாது. கையில் இருக்கும் ரேடியோ பாதிதான். மீதிப் பாதி, மலைமேல் நிற்க வேண்டிய கோபுரம். அதை நிறுத்தப் போவது யார்? டிப்ளமோ படிக்கும் நாம்தானே! சிந்திப்போம்.