எலிபெண்டா போனால் பீரங்கியையும் பாருங்கள்

எலிபெண்டா குகையில் திரிமூர்த்தி சிலையைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். குகைகளுக்கு மேலே, குன்றின் உச்சியில், மும்பைத் துறைமுகத்தைக் காக்க ஆங்கிலேயர் நிறுத்திய இரண்டு ராட்சதப் பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன.

மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் ரயிலில் சிஎஸ்எம்டி இறங்கி, கேட்வேயில் படகு பிடிக்கலாம்; கடலில் சுமார் ஒரு மணி நேரம். திங்களன்று குகைகள் மூடியிருக்கும். வெயில் ஏறுமுன் பீரங்கி மேட்டுக்கே முதலில் போங்கள். சிலைகள் நிழலில்தானே இருக்கின்றன! பீரங்கியைத் திருப்பும் வட்ட அடித்தளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெயிலில் இரும்பு சுடும், மேலே ஏற்றிப் படமெடுக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில் பைக்குள் இருக்கட்டும், குரங்குகள் பறித்துவிடும்.

மழைக்காலத்தில் படகு ஓடாத நாளா? தாராவியிலேயே காலா கில்லா என்ற பழைய கோட்டை இருக்கிறது. 1737 என்று பொறித்த கல்வெட்டைச் சுவரில் தேடுங்கள்.