ஆபத்துக் காலமும் அநியாய விலையும்

2021 நவம்பர் மாதம். சித்தூர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. அப்போது திருப்பதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2022-இல் அது தனி மாவட்டம் ஆனது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

பயிர் அழிந்தால் வரத்து குறையும். விலை ஏறும். இது குற்றம் அல்ல. ஆனால் சரக்கைப் பதுக்கி, மக்களின் தவிப்பைக் காசாக்குவது வேறு. அதைத் தடுக்கச் சட்டங்கள் உண்டு.

பாக்கெட் பொருள்கள்

பால், ரொட்டி, எண்ணெய் பாக்கெட்டுகளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். 20 ரூபாய் என்று அச்சிட்ட ரொட்டியை 30 ரூபாய்க்கு விற்கக் கூடாது. வெள்ளம் வந்தாலும் கூடாது. மீறினால் அபராதம் உண்டு.

அச்சிட்ட விலை இல்லாத பொருள்கள்

மூட்டை அரிசியைப் பிரித்து விற்கும்போது அதில் விலை அச்சிட்டிருக்காது. இங்கே 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் உதவும். இச்சட்டப்படி அரசு ஆணை போடலாம். விலையை நிர்ணயிக்கலாம். இவ்வளவுதான் இருப்பு வைக்கலாம் என்று வரம்பு கட்டலாம்.

2020-இல் கொரோனா பரவியது. முகக்கவசத்தின் விலை ஏறியது. மார்ச் மாதம் மத்திய அரசு ஆணை போட்டது. மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. ஜூன் 30 வரை அந்த ஆணை இருந்தது.

விலை ஆணையை மீறினால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கள்ளச்சந்தையைத் தடுக்க 1980-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அதன்படி கள்ளச்சந்தைக்காரரை 6 மாதம் வரை காவலில் வைக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

“கேட்டால் அடுத்த நாள் பால் தர மாட்டார்” என்று பலர் பயப்படுகிறார்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் மறுக்கலாம். தெருவே சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

* பாக்கெட்டில் உள்ள விலையைப் படியுங்கள்.
* ரசீது கேட்டு வாங்குங்கள்.
* கடையின் பெயர், தேதி, கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.
* 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

எழுத்தும் எண்ணும் கற்றவரை ஏமாற்றுவது எளிதல்ல.

கலந்து பேசுங்கள்

1. தக்காளி விலை ஏறியதற்கும், ரொட்டியைக் கூடுதல் விலைக்கு விற்பதற்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பாக்கெட்டை எடுங்கள். அதன் விலையைப் படித்து எழுதுங்கள்.