ஒரே தாளில் பல அளவுகோல்: வீட்டு வரைபடத்தைக் கணினியில் சரியாக அமைப்பது எப்படி?

வீடு கட்ட நினைக்கிறீர்களா? அல்லது மற்றவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் படவரைவாளரா? இரண்டு பேருக்குமே இந்தப் பாடம் பயன்படும்.

இரண்டு தளம் வரையிலான சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தர்மபுரி நகரானாலும் பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமானாலும் வழி ஒன்றுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: வரைபடத்தில் உள்ள விவரம் சரி என்று உறுதி கொடுப்பவர் நீங்கள்தான். அதனால் வரைபடத்தில் வரும் தவறு கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

ஏன் பல அளவுகோல்?

ஒரு தாளில் மனை வரைபடம், தரைத்தளம், முதல் தளம், குறுக்குவெட்டு, முகப்பு, செப்டிக் டேங்க் எல்லாம் வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் போட்டால் மனை தாளை அடைத்துக்கொள்ளும், அல்லது செப்டிக் டேங்க் கண்ணுக்கே தெரியாது. அதனால் தளங்களுக்கு 1:100, மனைக்கு 1:200, செப்டிக் டேங்குக்கு 1:50 என்று வைப்பது வழக்கம். விண்ணப்பத்தில் வேறு அளவுகோல் கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

30க்கு 40 அடி மனையை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் 9.14க்கு 12.19. இது 1:100இல் தாளில் 91க்கு 122 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். 1:200இல் அதில் பாதி. ஏ2 தாள் 594க்கு 420 மில்லிமீட்டர். எல்லாப் படங்களும் தாராளமாக அடங்கும்.

படி 1: உண்மை அளவில் வரையுங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் பலர் செப்டிக் டேங்கைப் பிரதி எடுத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி ஓரத்தில் வைப்பார்கள். இங்கேதான் வம்பு. பெரிதாக்கிய படத்தில் அளவுக் கோடு போட்டால் 1.5 மீட்டர் என்பது 3 மீட்டர் என்று காட்டும். அதனால் மாடல் பகுதியில் எதையும் பெரிதாக்கவோ சுருக்கவோ வேண்டாம். 230 மில்லிமீட்டர் சுவர் என்றால் 230 என்றே வரையுங்கள். அளவுகோல் என்பது தாளின் வேலை.

படி 2: தாளைத் தனியாக அமையுங்கள்

ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் கீழே 'லேஅவுட்' என்ற தாவல் இருக்கும். அதில் தாள் அளவை ஏ2 என்று வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு 'வியூபோர்ட்' போடுங்கள். வீட்டைப் பார்க்கும் ஜன்னல் என்று இதை வைத்துக்கொள்ளலாம். வீடு ஒன்றுதான், ஜன்னல்கள் பல.

படி 3: ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவுகோல்

ஜன்னலுக்குள் நுழைந்து, ஜூம் கட்டளையில் எண்ணைக் கொடுத்து, பின்னால் 'எக்ஸ்பி' சேர்க்க வேண்டும். தாள் மில்லிமீட்டரில் இருந்தால், 1:100க்கு என்ன எண்?

- மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் 1/100
- மீட்டரில் வரைந்திருந்தால் 10
- நம்ம ஊரில் பலர் செய்வதுபோல் அடி, அங்குலத்தில் வரைந்திருந்தால் 0.254 (ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை நூறால் வகுத்தது)

1:50க்கு இந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள். 1:200க்குப் பாதியாக்குங்கள். முடிந்ததும் ஜன்னலைப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் விட்டால், சுட்டியின் சக்கரம் லேசாகச் சுழன்றாலே அளவுகோல் மாறிவிடும்.

படி 4: எழுத்தும் அடுக்கும்

தாளில் எழுத்து 2.5 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் படிக்க வசதி. மில்லிமீட்டரில் வரைந்த மாடலில் அது 1:100 படத்துக்கு 250, 1:50 படத்துக்கு 125. இரண்டு வேலையாகத் தோன்றினால், எழுத்தையும் அளவுக் கோட்டையும் 'அனோடேட்டிவ்' முறையில் போடுங்கள். அளவுகோலுக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும். மனை வரைபடத்தில் உள்சுவர், கதவு எல்லாம் தேவையில்லை. அந்த ஒரு ஜன்னலில் மட்டும் அந்த அடுக்குகளை உறைய வைத்துவிடலாம்.

படி 5: அச்சில் கவனம்

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு அச்சில் கோட்டை விடுபவர்கள் உண்டு. 'தாளுக்குப் பொருத்து' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். லேஅவுட்டை 1:1 என்றே அச்சிடுங்கள்.

ஏ2 படத்தை ஏ3 தாளில் பொருத்தி அச்சிட்டால் என்ன ஆகும்? 1:100 என்பது சுமார் 1:141 ஆகிவிடும். முன்பக்கம் 1.5 மீட்டர் இடம் விட்டிருப்பீர்கள். தாளில் அது 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இருப்பதோ 10.6. ஸ்கேல் வைத்துப் பார்ப்பவருக்கு நீங்கள் 1.06 மீட்டர்தான் விட்டது போலத் தெரியும். சரியாக இடம் விட்டவர் மேலேயே சந்தேகம் வரும். இதே தாளை வைத்து மேஸ்திரி தளத்தில் அளவு எடுத்தால் பிழை சுவராகவே எழுந்துவிடும்.

இதற்கு ஒரு எளிய காப்பு: ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு அளவுப் பட்டை போடுங்கள். 1:100இல் 5 மீட்டர் பட்டை 50 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். தாள் சுருங்கினால் பட்டையும் சுருங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

வீட்டு உரிமையாளர்களே, கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று போதும்.

1. ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் அளவுகோல் தனித்தனியாக எழுதியிருக்கிறதா?
2. 1:100 படத்தில் மனையின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர். பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா?
3. மனை வரைபடத்தில் விட்டிருக்கும் காலி இடமும், தரைத்தளப் படத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா?

மூன்றும் சரி என்றால் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று பிசகினாலும் வரைந்தவரிடம் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். தாளில் திருத்த அரை மணி நேரம் போதும். சுவர் எழும்பிய பிறகு திருத்துவதென்றால் கடப்பாரைதான் எடுக்கணும்.