பங்கு போட்டுத் தொழில் கற்போம்
சமுதாய நலப் பாடம்: உறுப்பினர்களே உடைமையாளர்களான பயிற்சிக் கூட்டுறவு



ரமலான் வந்தால் ஜமாஅத்துகள் அரிசியும் மளிகையும் கொடுக்கின்றன. ஜகாத் பணத்தில் தையல் மெஷினும் வாங்கிக் கொடுக்கின்றன. கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் அடுத்த ரமலானிலும் அதே வீடுகளின் பெயர்கள் பட்டியலில் வருகின்றன. கொடுத்த மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. சிலருக்கு அளவெடுத்து வெட்டத் தெரியவில்லை. வெட்டத் தெரிந்தவருக்கு ஆர்டர் வரவில்லை. பணமுடை வந்ததும் வாரத் தவணைக் குழுக்கடன், அதற்கு வட்டி. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழியை இந்த மாதம் படிப்போம்.

நபிகளார் காட்டிய ஒழுங்கு

உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூத் நூலில் காண்கிறோம். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் பாத்திரமும் மட்டுமே இருந்தன. அவை 2 திர்ஹத்துக்கு ஏலம் போயின. ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. நபியவர்கள் தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்றுவிட்டு 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்து வந்தார்.

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. முதல், அவருடைய சொந்தப் பொருளிலிருந்தே வந்தது. கருவி தயாராகக் கையில் கிடைத்தது. செய்யும் பொருளுக்கு ஊரில் தேவை இருந்தது. கணக்குக் காட்ட ஒரு நாள் குறிக்கப்பட்டது. நாம் கொடுக்கும் உதவியில் பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே இருக்கிறது.

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைகள் கூட்டுறவு ஆலைகளே. கரும்பு விவசாயிகள் அவற்றின் உறுப்பினர்கள். கிராமத்துப் பால் சங்கமும் அப்படித்தான். இந்தியாவில் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1904இல். தமிழ்நாட்டில் இப்போதுள்ளது 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

அறக்கட்டளையில் சிலர் முடிவெடுக்கிறார்கள், பலர் பெறுகிறார்கள். கூட்டுறவில் பெறுபவரே உடைமையாளர். 1 பங்கு போட்டவருக்கும் 10 பங்கு போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். ஆனால் உறுப்பினர்கள் பேரவைக் கூட்டத்துக்கு வராத சங்கம், பெயருக்குத்தான் கூட்டுறவு.

அகமதாபாத் சகோதரிகள்

குஜராத்தின் அகமதாபாத்தில் 1972இல் இலா பட் அம்மையார் ‘சேவா’ என்னும் ஏழைப் பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது, அதையும் கற்றுக்கொண்டார்கள்.

அதே நகரின் தரியாபூர் பகுதியில் முஸ்லிம் பெண்கள் ஆலைகளின் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறைகள் தைத்துவந்தார்கள். துணி தருவதும் கூலி வைப்பதும் வியாபாரிகள். கூலியை உயர்த்திக் கேட்டபோது வேலை நிறுத்தப்பட்டது. சங்கத்தின் துணையோடு அவர்கள் ஆலையிலிருந்தே துண்டுத் துணி வாங்கினார்கள். வெட்டுவது, விலை போடுவது, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் கற்றார்கள். ‘சபீனா’ என்ற பெயரில் கூட்டுறவு அமைத்தார்கள். முன்பும் அவர்களுக்குத் தைக்கத் தெரியும். துணி வாங்குமிடமும் விற்குமிடமும் தெரிந்த பிறகுதான் கூலியில் அவர்கள் பேச்சு எடுபட்டது. பயிற்சி என்றால் இவையும் சேர்ந்ததே.

படிப்போடு வருமானம்

ஸ்பெயின் நாட்டின் மொந்த்ராகோன் என்ற சிற்றூரில் 1943இல் ஊர்மக்களின் நன்கொடையில் ஒரு தொழிற்பள்ளி தொடங்கியது. அங்கே படித்த 5 இளைஞர்கள் 1956இல் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். இன்று பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குழுமமாக அது வளர்ந்திருக்கிறது. 1966இல் அங்கே மாணவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு ஏற்பட்டது. அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு. படிப்புச் செலவு அந்த உழைப்பிலிருந்தே.

நம் மாநிலத்திலும் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைத் தைப்பவை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தான். ஆர்டர் நிச்சயமாக இருப்பதால் கற்ற கை சும்மா இருப்பதில்லை.

நம் ஊரில் தொடங்க

1. முதலில் தேவையைக் கணக்கெடுங்கள். சங்கராபுரத்தில் தையல், ஏசி – மெஷின் பழுது, எலக்ட்ரிக்கல், கணினிக் கணக்கு ஆகியவற்றில் எதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று கடைகளில் விசாரியுங்கள். ஒரே ஒரு தொழிலோடு தொடங்குங்கள்.

2. பங்கு சிறியதாக இருக்கட்டும். உதாரணமாக 100 குடும்பங்கள் 500 ரூபாய் வீதம் போட்டால் 50,000 ரூபாய். அது கருவிகளுக்கு.

3. கட்டணத்தைச் செலவிலிருந்து கணக்கிடுங்கள். ஆசிரியர் சம்பளம், வாடகை, மின்சாரம், நூல் எல்லாம் சேர்ந்து மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். 3 மாதத்துக்கு 36,000. 20 பேர் படித்தால் ஆளுக்கு 1,800. சேரும்போது 600 வாங்கி, மீதி 1,200ஐப் பயிற்சியில் தைக்கும் ஆர்டர் கூலியிலிருந்து கழிக்கலாம்.

4. பதிவு செய்யுங்கள். தையல் போன்ற தொழிற்கூட்டுறவுகளுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். நிபந்தனைகளையும் படிவங்களையும் அங்கே கேட்டுப் பெறுங்கள். கல்வராயன் மலையிலிருந்து வேலை தேடி இறங்கும் பிள்ளைகளுக்கும், பிற சமுதாயத்து அண்டை வீட்டாருக்கும் கதவைத் திறந்து வையுங்கள்.

5. வரவு செலவை மாதந்தோறும் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே (பகரா 282) குர்ஆனின் மிக நீளமான வசனம்.

ஜகாத்தும் பங்கும் வேறு

பங்குத்தொகை முதலீடு, அதில் லாபமும் நஷ்டமும் உண்டு. அதை ஜகாத்தாகக் கணக்கில் காட்டக் கூடாது. ஜகாத் பணத்தைச் சங்க நிதியில் கலக்கவும் கூடாது. உரிய ஏழையின் கையில் அதை ஒப்படைத்துவிட்டால், அவர் தம் கட்டணத்தையோ பங்கையோ தாமே கட்டலாம். அப்போது அவர் சங்கத்துக்குள் உறுப்பினராக, ஓட்டுரிமையோடு வருவார். நடைமுறைச் சந்தேகங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். கருவி வாங்க வட்டிக் கடன் எடுக்காமல், பங்கு சேரும் அளவுக்கே வளர்வது பாதுகாப்பு.

வீட்டில் பேசுவதற்கு

• நம் வீட்டில் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும்? அதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?
• போன வருடம் உதவி பெற்ற வீட்டில் இன்று வருமானம் இருக்கிறதா? இல்லையென்றால் மேலே சொன்ன நான்கில் எது விடுபட்டது?
• மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்க நம் வீட்டுப் பெண்களுக்கு வசதியான நேரம் எது?

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும்படி அல்லாஹ் (மாயிதா 2) நமக்குக் கட்டளையிடுகிறான். நம் பிள்ளைகளின் கைகளுக்கு ஹலாலான தொழிலையும், உழைப்பில் பரக்கத்தையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.