குழந்தையின் மனச்சான்று

பெற்றோரின் கட்டளைகளே, பின்னாளில் உள்ளிருந்து கண்டிக்கும் மனச்சான்றாக அமைகின்றன என்பது உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டின் கொள்கை. அவர் வழிவந்த எரிக் எரிக்சன், 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். மூன்றாம் பருவம் ஏறத்தாழ 3 முதல் 6 வயது வரை. தானே முனைந்து செய்யும் ஆர்வமும் குற்ற உணர்வும் அப்போது மோதுகின்றன. கண்டிப்பு அளவு மீறினால் ஆர்வம் முடங்கும்.

அப்பருவத்தில் வேர்கொண்ட மனச்சான்று, வளர்ந்தபின் சோதனைக்கு உள்ளாகிறது. எரிக்சன் 1969இல் காந்தியடிகளைப் பற்றி நூல் எழுதினார். அடிகளின் தன்வரலாற்றில் வரும் நிகழ்ச்சி ஒன்று பெற்றோர் அறியத்தக்கது. 15 வயதில் தமையனாரின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். உள்ளம் உறுத்தவே, இனித் திருடுவதில்லை என்ற உறுதியுடன் குற்றத்தை எழுதி, தண்டனை வேண்டி, நோயுற்றிருந்த தந்தையாரிடம் கொடுத்தார். தந்தையார் சினந்திலர், கண்ணீர் வடித்துத் தாளைக் கிழித்தார். அதனை அகிம்சைப் பாடமாகவே அடிகள் பிற்காலத்தில் கருதினார்.

அடி விழுமென்று அஞ்சும் குழந்தை, அடுத்த முறை மறைக்கவே கற்கும். தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் பணிக்குச் சென்று களைத்துத் திரும்பும் பெற்றோரே! மறைத்த மதிப்பெண் அட்டையைக் குழந்தை தானே நீட்டினால், முதலில் பொறுமையுடன் கேளுங்கள். திருந்தும் வழியைப் பின்னர்க் கூறுங்கள். மனம், மொழி, மெய்களால் காக்கும் கொல்லாமைக்கு இல்லமே முதற்பள்ளி.