கொத்தமல்லிக் கட்டும் சில தப்புக் கணக்குகளும்

காய் வாங்கும்போது கொசுறாக வரும் கொத்தமல்லி, கறிவேப்பிலையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது, ஈரத்தை இழக்கிறது. அதற்குத் தண்டு வழியே நீர் வேண்டும். மேலே ஈரம் தங்கக் கூடாது. நம் பழக்கங்கள் பலவும் இதற்கு நேர்மாறு.

நம்பிக்கை: வாங்கி வந்ததும் கழுவி வைப்பதே சுத்தம்.
உண்மை: இலைமேல் தங்கும் ஈரத்தில்தான் அழுகல் தொடங்கும். பழுத்ததையும் நசுங்கியதையும் ஆய்ந்து எடுத்துவிட்டு அப்படியே வையுங்கள், சமைக்கும்போது கழுவலாம். முன்பே கழுவியாக வேண்டுமென்றால் துணியில் பரப்பி, நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே வையுங்கள்.

நம்பிக்கை: பையை இறுகக் கட்டினால் நெடுநாள் இருக்கும்.
உண்மை: இலை விடும் ஈரம் பைக்குள் வியர்த்து, கட்டு கொழகொழத்துவிடும். கொத்தமல்லி, புதினாவைத் தண்டு மட்டும் நனையும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். கொத்தமல்லி வேரை வெட்டாமல், மண் போக அலசினால் போதும்.

நம்பிக்கை: செய்தித்தாளில் சுற்றுவதே சிறந்த வழி.
உண்மை: காகிதம் ஈரத்தை உறிஞ்சும் என்பது சரிதான். ஆனால் அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. பழைய பருத்தித் துணி அதே வேலையைச் செய்யும்.

நம்பிக்கை: எந்த இலையானாலும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.
உண்மை: திருநீற்றுப்பச்சிலை குளிர் தாங்காது, 10 டிகிரிக்குக் கீழே கறுத்துப்போகும். வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரி. அதை வெளியே, வெயில் படாத இடத்தில், தண்ணீரில் நிறுத்துங்கள்.

நம்பிக்கை: பழத்தோடு சேர்த்து வைத்தால் என்ன கெட்டுவிடும்?
உண்மை: ஆப்பிள், தக்காளி, பழுத்த மாம்பழம் எல்லாம் எத்திலீன் வாயுவை விடும். அது பட்டால் பச்சையம் சிதைந்து இலை சீக்கிரம் மஞ்சளாகும்.

நம்பிக்கை: ஃப்ரீசரில் வைத்தால் இலை வீண்.
உண்மை: உறையும் நீர் உயிரணுக்களைக் கிழிப்பதால் இலை துவளும், ரசத்தின் மேலே தூவ உதவாது. ஆனால் மணம் பெரும்பாலும் நிற்கும். கறிவேப்பிலையை உருவி, ஈரமின்றி டப்பாவில் அடைத்து உறைய வைத்தால் நேராகத் தாளிப்பில் போடலாம். எண்ணெய் தெறிக்கும், சற்றுத் தள்ளி நின்று போடுங்கள்.