பிள்ளைகள் நிலையமும் பிற்பகல் வெயிலும்



பல வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், ஒரு கிராமத்துப் பிள்ளைகள் காப்பகத்தை ஜெபித்துத் திறந்து வைத்தேன். கான்கிரீட் தளம், வழுவழுப்பான தரை, வாசலில் உபகாரிகளின் பெயர் பொறித்த கல். மறு மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அவ்வழியே போனபோது கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஆயா பிள்ளைகளைப் புளியமரத்தடியில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார். "உள்ள அடுப்பாட்டம் இருக்குதுங்க ஐயா" என்றார்.

வாழப்பாடிப் பக்கம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் நிலையம் கட்டக் காணிக்கை தர நினைக்கிறவர்கள் அந்தப் புளியமரத்தை மறக்க வேண்டாம். காலையெல்லாம் வெயிலைக் குடித்த தளம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் சூட்டைக் கீழே இறக்குகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. கூரையடியில் தங்கிய சூட்டைக் கீழே தள்ளுகிறது. கரண்ட் போனால் அதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். கைக்குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

இதை நன்றாக யோசித்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, குவேக்கர் சபையைச் சேர்ந்து, 1945இல் தொழுநோய் மிஷனுக்குக் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டு ஊழியம் செய்து, பின்பு கேரளத்தில் குடியேறினார். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்கள் அவர் கைவேலை. 2007இல் காலமானார். அக்கம்பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்ட வேண்டும் என்பதைக் காந்தியடிகளிடம் கற்றதாகச் சொல்வார்.

அவர் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' நமக்கு ஏற்றது. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால், ஒன்பது அங்குலச் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகும். அந்தக் காற்று சூட்டைத் தடுக்கும். செங்கலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். தளத்திலும் அப்படியே. அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அல்ல. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து வார்த்தால், சிமெண்டும் குறையும், சூடும் குறையும். இதற்கு இன்ஜினியர் கணக்குப் பார்க்க வேண்டும். கொத்தனாரின் கைப்பழக்கம் போதாது. தளத்தின் மேல் தட்டோடு பதித்து, வருஷந்தோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடியுங்கள். (புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லும் கட்டளை உபாகமம் 22இல் உண்டு. கூரையைப் பற்றிய அக்கறை பழையது.)

ஆனால் அவரது செங்கல் சல்லடைச் சுவரை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. கேரளத்தின் ஈரக் காற்றுக்கு அது அருமை. நம் பக்கத்து வறண்ட நடுப்பகல் காற்று சூட்டையும் புழுதியையும் கொண்டுவரும். தாழ்வாரத்துக்கும் சுவரின் மேற்பாகத்துக்கும் சல்லடை போதும். ஜன்னல்களுக்குச் சாத்துகிற கதவு வேண்டும்.

கட்டடத்தின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே தாழ்வாரம் தெற்கே மட்டும் போதாது. தெற்கே இரண்டரை அடி நீட்டினால், மார்கழி நடுப்பகலிலும் மூன்றரை அடி உயரத்துக்கு நிழல் விழும். மேற்கு வெயிலை எந்தத் தாழ்வாரமும் தடுக்காது. அது படுக்கையாக வரும். அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம், சாமான் அறையும் கழிவறையும் இருக்கட்டும். சமையல் தனியே.

கல்வெட்டுக்குக் காணிக்கை தருகிறவர்கள் உண்டு. மாதாமாதம் கரண்ட் பில் கட்ட முன்வருகிறவரை என் ஊழிய காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், பிள்ளைகள் தூங்கும் அறைக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே மேற்குப் பக்கம், சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி, இரண்டு புங்கன் கன்று நடச் சொல்லுங்கள். சுவர் சில மாதத்தில் எழும்பும். மரம் நிழல் தரச் சில வருஷம் ஆகும்.